குரலுக்கு மட்டும் புருஷன்

கட்டின பெண்டாட்டி தன்னை "அண்ணே" என்று கூப்பிட்டால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? கோபப்படுவான், சிரிப்பான், இல்லை தலையில் அடித்துக்கொள்வான். ராஜையன் மூன்றையும் செய்து பார்த்து ஓய்ந்துபோனவர். அதனால் அன்று மத்தியானம் ஜெபகுமாரி அடுக்களை வாசலில் நின்று, "அண்ணே, சோறு விளம்பி வச்சிருக்கு, தின்னுட்டுப் போங்க" என்றபோது பேசாமல் போய் உட்கார்ந்தார். நெத்திலிக் கறியும் மரச்சீனிக் கிழங்கும் இருந்தன. அவர் உழைத்துக் கட்டிய வீடு, அவர் பார்த்துப் பார்த்துப் பதித்த தரை. அதில் அவருக்கு விருந்தாளிச் சோறு. அதுவும் சீக்கிரம் கிளம்பவேண்டிய விருந்தாளி.

முதலிலிருந்து சொன்னால்தான் இது விளங்கும்.

ராஜையனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. தேங்காய்ப்பட்டணத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தென்னை விளைகளுக்கு நடுவில் வீடு. அவருடைய அப்பா சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்தவர். ராஜையனுக்கு அந்த வியாபாரத்துக்கு வேண்டிய வாய் கிடையாது. கல்யாணச் சாப்பாட்டு வாசம் கையிலிருந்து போவதற்குள் சவுதிக்கு விமானம் ஏறிவிட்டார். ஜுபைல் பக்கத்தில் ஒரு கம்பெனி கேம்பில் சமையல் வேலை. போனவர் கால் நூற்றாண்டு அங்கேயே கிடந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருதடவை லீவு. வந்தால் முதல் பத்து நாள் வெட்கம், கடைசிப் பத்து நாள் அழுகை. நடுவில் மிச்சம் இருந்ததுதான் அவர்கள் நடத்திய குடும்பம். அதற்குள் ஜெப்சி என்று ஒரு மகளும் பிறந்து வளர்ந்துவிட்டாள்.

நேரில் பார்த்தால் ராஜையன் வாய் செத்த மனுஷன். ஆளைப் பார்த்ததும் நாக்கு உள்ளே போய்விடும். ஆனால் போனைக் கையில் கொடுத்துப் பாருங்கள், வேறு ஆள். கேம்பில் பாகிஸ்தான்காரன் ரொட்டியில் உப்பைக் கொட்டின கதை, பெரிய அண்டாவுக்குள் பூனை தூங்கின கதை, அவள் போன வாரம் என்ன குழம்பு வைத்தாள், அதற்குப் புளி எவ்வளவு என்கிற விசாரணை எல்லாம் உண்டு. வெள்ளிக்கிழமை கேம்புக்கு விடுமுறை. அந்தக் காலத்தில் இவர்கள் வீட்டில் போன் இல்லை, பக்கத்து வீட்டு ஓமனாவிடம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் ஜெபகுமாரி குளித்து, சேலை மாற்றி, முகத்துக்குப் பவுடர் போட்டு, ஓமனா வீட்டு போனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

"ஏட்டி, போன்ல பவுடர் தெரியுமாட்டி?" என்று ஓமனா கேலி செய்வாள்.

"அவியளுக்குத் தெரியும்" என்பாள் ஜெபகுமாரி.

பிறகு கைபேசி வந்தது, வீடியோ கால் வந்தது. கேம்பு நெட் நாலு வார்த்தைக்கு ஒருதடவை நின்றுவிடும். வாய் கோணி உறைந்து நிற்கிற முகத்தை அவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. "படம் வேண்டாம், பேசுங்க போதும்" என்றுவிட்டாள். ராஜையனுக்கும் அதுதான் வசதி.

கல்ஃப் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கெட்ட செய்தியை போனில் சொல்லக்கூடாது. அங்கே அவர் தனியாகக் கிடக்கிறார், தாங்கமாட்டார். இங்கே அவள் தனியாகக் கிடக்கிறாள், தாங்கமாட்டாள். ராஜையனின் அப்பா செத்த சேதி அவருக்குத் தெரிந்தது அடக்கமெல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்து. கொதிக்கிற எண்ணெய் கொட்டி அவர் இடது கை வெந்தது அவளுக்குத் தெரிந்தது, லீவில் வந்து சட்டையைக் கழற்றினபோது. இரண்டு பேருமே அதையெல்லாம் பொய் என்று நினைக்கவில்லை, பிரியம் என்றுதான் நினைத்தார்கள். அந்தப் பிரியம்தான் கடைசியில் கழுத்தை அறுத்தது.

"போதும், வந்துருங்க" என்று அவள் சொல்லித்தான் அவர் ஒரேயடியாக வந்தார். வந்து இரண்டு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. அடுக்களையில் அவர் கைவைப்பார், அவள் கத்துவாள். "நானூறு பேருக்கு ஆக்கின கையி, ரெண்டு பேருக்கு உப்பு போடத் தெரியல்ல" என்பாள். சாயங்காலம் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கடற்கரைப் பக்கம் போய் மீன் வாங்கி வருவார்கள். அந்த வயதில்தான் புதுப் பெண்ணு மாப்பிள்ளை போல அலைகிறார்கள் என்று ஓமனா ஊரெல்லாம் சொன்னாள். அது உண்மைதான். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டும் என்றுதான் ராஜையனும் நம்பினார்.

போன வருஷம் ஜூனில், இடவப்பாதி மழையில் கிணற்றடிப் பாசி வழுக்கி ஜெபகுமாரி விழுந்தாள். துவைக்கிற கல்லில் வலது பக்கத் தலை போய் மோதியது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டு ஓடினார்கள். தலைக்குள் கட்டின இரத்தத்தை எடுத்தார்கள். அவள் கண் திறக்கிற வரைக்கும் ராஜையன் ஆஸ்பத்திரி வராந்தாவில் சாயாவும் ஜெபமுமாகக் கிடந்தார்.

கண் திறந்தாள். ஜெப்சியைத் தெரிந்தது. "கோழிக்குத் தீனி வச்சியாட்டி?" என்று கேட்டாள். பார்க்கப் போன ஓமனாவைத் தெரிந்தது. கட்டில் காலடியில் நின்ற ராஜையனை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மகளைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காதோடு கேட்டாள்.

"மக்களே, அது ஆரு? அப்பாவப்போலயே இருக்கு."

ஜெப்சி சிரித்துவிட்டாள். "அப்பாதாம்மா."

"இல்ல. மொகம் அப்படியே இருக்கு. ஆனா அவிய இல்ல."

நர்ஸ் பிள்ளைகள் வீக்கம் வடிந்தால் சரியாகும் என்றார்கள். மறுநாள் ஜெபகுமாரி அழ ஆரம்பித்தாள், அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டதே அவள் மனசில் இல்லை. "அப்பாட்ட சொல்லீராத மக்களே, நான் விழுந்தத. அங்க கெடந்து வெப்ராளப்படுவாவ. ஒருக்கா போன் மட்டும் போட்டுத் தா, அவிய சத்தத்தக் கேட்டா போதும்" என்று கட்டிலில் புரண்டாள். தலையில் தையல் போட்ட உடம்பு, அழுதால் ஆகுமா? ஜெப்சி பதறிப்போய் அப்பாவைக் கண்ணால் வெளியே போகச் சொன்னாள். ராஜையன் மாடிப்படியில் போய் நின்று போன் போட்டார்.

"ஜெபா" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் முகம் மலர்ந்ததை ஜெப்சி பார்த்தாள். "ஒண்ணுமில்ல, சளி பிடிச்சுக் கெடக்கேன், தொண்டை அதாம் இப்படி" என்று ஜெபகுமாரி தன் பங்குக்கு மறைத்தாள். "நீங்க எங்க இருக்கிய?"

"கேம்புலதான்" என்றார் ராஜையன்.

யோசித்துச் சொன்னதில்லை. கால் நூற்றாண்டாக அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் சொல்லிப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகு அவருக்கு ஒரு பக்கம் சந்தோஷம்கூட இருந்தது, அவள் அழுகை நின்றதே என்று. அட மனுஷா, வீட்டுக்குள் நிற்கிற நீ யார் என்கிற கேள்விக்கு நீயே பதில் கொடுத்துவிட்டாயே என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. ஊரில் எந்தக் கல்ஃப் வீடாக இருந்தாலும் அந்த நேரத்தில் அதைத்தான் சொல்லியிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஜெபகுமாரிக்கு எல்லாம் பழையபடி ஆனது. சமைத்தாள், கோழியைக் கூட்டில் அடைத்தாள், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனாள், வேத வசனம் ஒன்றுகூட மறக்கவில்லை. ராஜையனிடம் மட்டும் முகம் கொடுக்கவில்லை. ஒருநாள் அவர் கையைப் பிடித்துத் திருப்பி அந்தத் தீத்தழும்பைப் பார்த்தாள். ஓர்மை வந்துவிட்டதென்று ராஜையன் நினைத்தார். அவள் கையை விட்டுவிட்டு ஓமனாவிடம் போய்ச் சொன்னாள். "தழும்பு வரைக்கும் செஞ்சு வச்சிருக்கான் பாத்தியா. இவ்வளவு வேல தெரிஞ்சவன் என்னத்துக்கு நம்ம வீட்டுல வந்து கெடக்கான்?"

அவளுக்கு அவர் மேல் வெறுப்பு இல்லை, பயம். ராத்திரி தன் அறைக் கதவுக்குக் குறுக்கே கட்டிலை இழுத்துப் போட்டுத் தூங்கினாள். ஒருநாள் எதிரே வந்து நின்று, பணிவாகத்தான் சொன்னாள். "அண்ணே, நீங்க ஆரா இருந்தாலும் செரி. ஒங்களுக்கும் குடும்பம் குட்டி இருக்கும். அவிய வாறதுக்குள்ள போயிருங்க."

ஒரு நாள் காலையில் அவள் குளிமுறியில் இருந்தாள். ராஜையன் வெளியே கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர், மறந்துபோய் பழைய பழக்கத்தில், "ஜெபா, சோப்பு தீந்துபோச்சா, வேற தரட்டா?" என்று குரல் கொடுத்துவிட்டார்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"நீங்க எப்பம் வந்திய?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை ராஜையன் கேட்டு எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. "இப்பம்தான்" என்றார். "ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? வீட்டுல மீன்கூட இல்லியே. நில்லுங்க, இன்னா வந்துட்டேன்" என்று அவள் உள்ளேயிருந்து சிரித்தாள், திட்டினாள், எதையோ தட்டிக் கீழே போட்டாள். ஓடிப்போய் ஒளிந்துகொள்ளலாமா என்று ராஜையன் நினைத்தார். ஆனாலும் நின்றார். எங்கேயோ ஒரு ஆசை, இந்தத் தடவை நடந்துவிடும் என்று. கதவு திறந்தது. ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டு வந்தவள் அவரைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினாள். அவரைத் தாண்டி வாசலைப் பார்த்தாள், கிணற்றடியைப் பார்த்தாள். பிறகு மாரை முந்தானையால் இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ராஜையன் கொடிக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்து அழுதார். வெட்கப்படாமல் அழுதார்.

ஊர் சும்மா இருக்குமா? சாயாக்கடையில் ஒருவன், "அவளுக்கு வேற ஆரையாம் பிடிச்சிருக்கும், தல அடிபட்டதுன்னு நடிக்கா" என்றான். ராஜையன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தன் சட்டையைப் பிடித்தார். ஓமனா நல்லவள்தான், ஆனால் அவளும், "போன்லயே குடும்பம் நடத்துனா இப்படித்தான் ஆவும்" என்று பெருமூச்சு விட்டாள். சபை ஆயர் வந்து, வீட்டில் உபவாச ஜெபம் வைத்து, ஜெபகுமாரியின் தலையில் கைவைத்துப் பிரிவினையின் ஆவியைக் கடிந்துகொண்டார். ஜெபகுமாரி கண்ணீரோடு ஆமென் சொன்னாள். ஜெபம் முடிந்ததும் ஆயரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டாள்: "அவியளுக்கு சவுதியில சீக்கிரம் லீவு கெடைக்க ஜெபம் பண்ணுங்க ஐயா. இந்த அண்ணனுக்கும் நல்ல புத்தி வரணும்."

நாகர்கோவிலில் ஒரு நரம்பு டாக்டர் அம்மாவிடம் ஜெப்சி அவர்களைக் கூட்டிப்போனாள். டாக்டர் சின்ன வயதுக்காரி, சுசீந்திரம் பக்கத்துப் பெண். படங்களைப் பார்த்தாள், ஜெபகுமாரியிடம் தனியாகப் பேசினாள், பிறகு அப்பாவையும் மகளையும் உள்ளே கூப்பிட்டாள்.

"ஒருத்தரப் பாக்கும்போ மூளைக்குள்ள ரெண்டு வேலை நடக்கு" என்றாள். "ஒண்ணு, இது இன்னாரு மொகம்னு சொல்லும். அது இவங்களுக்கு நல்லாவே நடக்கு. இன்னொண்ணு, நம்ம ஆளப் பாத்த ஒடனே உள்ள ஒரு எளக்கம் வரும்லா? அதுக்குப் போற வழி அடிபட்டுட்டு. மொகம் தெரியுது, எளக்கம் வரல்ல. அப்பம் மூளை சும்மா இருக்காது. ஏன் வரல்லன்னு அதுவே ஒரு கதை கட்டும். இது அவர் இல்ல, அவரப்போல வேற ஆளுன்னு."

"போன்ல மட்டும் எப்படித் தெரியுது?" என்று ஜெப்சி கேட்டாள்.

"கொரல் போற வழி வேற. அது அறுபடல்ல."

ராஜையன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆத்திரம் வந்தது, டாக்டர் மேலா ஆண்டவர் மேலா என்று தெரியாத ஆத்திரம். "அப்பம் பிரியம்ங்கது ஒரு நரம்புதானா டாக்டர்?"

டாக்டர் கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தாள். "நரம்பு இல்லாம பிரியம் இல்ல. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும். ஒங்க மேல அவங்களுக்குக் கோவம் இல்ல, நடிப்பும் இல்ல. நாம எல்லாரும் இப்படித்தான். உள்ள என்ன தோணுதோ அது முன்னால போவும், புத்தி பின்னால போய்க் காரணம் தேடும். நமக்குத் தோணுதது ஊரோட ஒத்துப்போவுது, அதனால நமக்குத் தெரியல்ல."

கேம்பில் இருக்கிறேன் என்று போனில் சொன்னதை ஜெப்சி மெல்லச் சொன்னாள். டாக்டரின் முகம் வாடியது. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றாள். சொல்லாமல் இருந்தால் சரியாகியிருக்குமா என்று ராஜையன் கேட்டார். தெரியாது என்றாள். சிலருக்கு மாறும், இவர்களுக்கு அடி ஆழம், மாத்திரை பயத்தைக் குறைக்கும், அதற்கு மேல் ஆசை காட்ட எனக்கு மனசில்லை என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜெபகுமாரி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராஜையன் பின் சீட்டில் உட்கார்ந்து அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் கண்ணுக்கு அவர் பழகினதெல்லாம் எத்தனை நாள்? காதுக்குத்தானே புருஷனாக இருந்தார். கண்ணின் வழி என்றைக்குமே ஒற்றையடிப் பாதைதான், அதில் புல் முளைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தார். டாக்டரிடம் கேட்டிருந்தால் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை.

ஜெப்சிக்கு ஒரு யோசனை. அவள் மார்த்தாண்டத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், புருஷன் பெனிஷ் கத்தாரில். அம்மா விழுந்த நாளிலிருந்து இங்கேயேதான் இருக்கிறாள். முகத்தையும் குரலையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன, ஒன்று மற்றதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராதா என்று அவள் நினைத்தாள். ராஜையன் பெட்டியிலிருந்து கேம்பு யூனிபாரத்தை எடுத்துப் போட்டார். ஓமனா வீட்டு வெள்ளைச் சுவர் முன்னால் நின்று வீடியோ கால் செய்தார். ஜெபகுமாரி ஆசையாக எடுத்தாள். முகத்தைப் பார்த்தாள். போனைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கினாள்.

"அவிய போனையும் இவன் பிடுங்கிட்டான்."

அதன்பிறகு அவள் போனை எடுக்கவில்லை. அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டாள். மணி அடிக்கும்போதெல்லாம் பானையைப் பார்த்து நடுங்கினாள். சோறு இறங்கவில்லை. ராஜையனுக்கு அப்போதுதான் உண்மையில் உயிர் போனது. முகம் போனது போகட்டும் என்று தேற்றிக்கொண்டிருந்தார். இப்போது குரலும் போனால் அந்த ராஜையன் அவளுக்கு முழுசாகச் செத்துப்போவான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் தென்னை விளையின் கடைசி மூலையில் போய் நின்று, ஓமனாவின் போனுக்கு அடித்தார். ஓமனா பழைய காலம் போலவே வேலியோரம் வந்து கூப்பிட்டாள். "ஜெபா, ஒனக்கு கால் வந்திருக்கு. சவுதியிலயிருந்து."

ஜெபகுமாரி ஓடினாள்.

"அந்த ஆளு ஒங்க போனையும் எடுத்துட்டான்" என்று தேம்பினாள். "எனக்குப் பயமா இருக்கு. கதவுக்குக் குறுக்க கட்டில இழுத்துப் போட்டுட்டுதான் கெடக்கேன். ஜெப்சியையும் கைக்குள்ள போட்டுட்டான், அவளும் அவன அப்பாங்கா. நீங்க ஒருவாட்டி சொல்லுங்க, போயிரச் சொல்லி."

தன் பெண்டாட்டி தன்னைப் பற்றித் தன்னிடம் கோள் சொல்வதை ராஜையன் தென்னையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அங்கிருந்து பார்த்தால் ஓமனா வீட்டு ஜன்னலில் அவள் முதுகு தெரிந்தது.

"நான் சொல்லுதேன் ஜெபா. அவன் போயிருவான். நீ பயப்படாத."

"நெசமா?"

"நெசம்."

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். சவுதிப் பெட்டியிலேயே துணியை அடுக்கினார். கிளம்புகிறபோது ஜெபகுமாரி வாசலுக்கு வந்தாள். வாழையிலையில் கட்டின சோற்றுப் பொதி கையில் இருந்தது. "வழியில தின்னுங்க அண்ணே. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய" என்றாள். நாள் கணக்கில் இல்லாத தெளிவு அவள் முகத்தில் இருந்தது. ராஜையன் வாய் திறக்கவில்லை, திறந்தால் குரல் வருமே. தலையை ஆட்டிப் பொதியை வாங்கிக்கொண்டார்.

ஜுபைலில் அவரோடு இருந்த முருகதாஸ் இப்போது ஆரல்வாய்மொழியில் காற்றாலை வேலைக்காரர்களுக்கு மெஸ் நடத்துகிறார். சமையலுக்கு ஆள் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார். ராஜையன் அங்கே போய்ச் சேர்ந்தார். மறுபடி அண்டா, மறுபடி கேம்புக் கட்டில், மறுபடி வெள்ளிக்கிழமை. மலை இடுக்கில் காற்று ராப்பகலாக அடித்தது. போனுக்குள்ளும் அது கேட்டது.

"அங்க என்ன சத்தம்?" என்பாள் ஜெபகுமாரி.

"மணல் காத்து" என்பார்.

அவர் போன பிறகு அவள் தேறினாள். நன்றாகத் தூங்கினாள், சதைகூடப் போட்டாள். "அம்ம வெள்ளிக்கிழமை பவுடர் போட்டுட்டு ஒக்காருதா அப்பா" என்று ஜெப்சி சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அன்றைக்கே பெனிஷிடம், நீங்கள் வந்துவிடுங்கள், போதும் என்றாளாம். அடுத்த வருஷம் பார்ப்போம் என்றானாம்.

கிறிஸ்துமஸ் வந்தது, லீவு போட்டு வாருங்கள் என்று அவள் வாராவாரம் கேட்டாள். அவளைச் சமாதானப்படுத்த இனி என்ன பொய் சொல்ல என்று ராஜையன் தவித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே கிடந்த அந்தச் சின்ன ஆசை மறுபடி தலை தூக்கியது. அந்த ஆள்தான் போய்விட்டானே. இனி வருகிறவன் உண்மையாகவே வெளிநாட்டிலிருந்து வருகிறவன் மாதிரி வந்தால்? ஜெப்சி டாக்டரிடம் கேட்டாள். ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் போகாதே என்று சொல்ல என்னால் முடியாது என்று டாக்டர் சொன்னாள்.

லீவு கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னார். "வரும்போ கோடாலித் தைலம் ரெண்டு குப்பி வாங்கீட்டு வாருங்க, ஓமனாவுக்கும் ஒண்ணு" என்றாள். நாகர்கோவிலில் வாங்கினார். புதுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, அத்தர். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கே போய், அங்கிருந்து கார் பிடித்தார். வழியெல்லாம் போனில் பேசிக்கொண்டே வந்தார், குரல் அறுந்துவிடக்கூடாதென்று. களியக்காவிளை தாண்டிட்டேன். மார்த்தாண்டம் வந்துட்டேன். முக்குல திரும்பிட்டேன். "வாசல்லதான் நிக்கேன்" என்றாள் அவள். வாசலில் நட்சத்திர விளக்கு தொங்கியது. தலையில் பிச்சிப்பூ, முகத்தில் பவுடர், காதில் ஓமனாவின் போன். கார் நின்றது. போனைக் காதில் வைத்தபடியே கதவைத் திறந்து இறங்கி, "ஜெபா" என்றார்.

அவள் அவரை ஒருதடவை பார்த்தாள். பிறகு அவரைத் தாண்டி வந்து காருக்குள் குனிந்தாள். பின் சீட்டைப் பார்த்தாள், முன் சீட்டைப் பார்த்தாள்.

"அவிய எங்க?" என்று டிரைவரிடம் கேட்டாள்.

டிரைவர் முழித்தான். அவள் திரும்பி ராஜையனைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள், அவர் போனில் சொல்லியிருந்த புதுச் சட்டையைப் பார்த்தாள். "அவியள என்னல செஞ்ச?" என்று கத்தினாள். அப்படிக் கத்தி அவளை யாரும் பார்த்ததில்லை. "பாவி, வழியில வச்சு அவியள என்ன செஞ்ச?" ஜெப்சி ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "போங்கப்பா, போயிருங்க" என்று கெஞ்சினாள். ராஜையன் பெட்டியை இறக்காமலே காரில் ஏறினார்.

முக்கில் காரை நிறுத்தச் சொல்லி, ஓமனாவின் போனுக்கு அடித்தார். இப்போது அடிக்காவிட்டால் அவள் மனசில் அவர் செத்தவர். அந்தப் பக்கம் அவள் மூச்சு இரைத்தது.

"ஜெபா. நான்தான். கேம்புலதான் இருக்கேன்."

"உசிரோட இருக்கியளா?"

"இருக்கேன். கடைசி நேரத்துல லீவ கேன்சல் பண்ணிட்டானுவ. ஒன்ட்ட சொன்னா வெப்ராளப்படுவன்னுதான் வாறேன் வாறேன்னு சொல்லிட்டே இருந்தேன்."

அவள் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு அவளே அவரைத் தேற்றினாள். "பரவாயில்ல. நீங்க மனசு விடாதிய. அந்த ஆளு இன்னைக்கும் வந்தான், பாத்துக்கிடுங்க. நீங்க எடுத்ததாச் சொன்ன சட்டையப் போட்டுக்கிட்டு, ஒங்களப்போலயே எறங்குதான். என்ன ஏமாத்திரலாம்னு பாத்தான்." மூக்கை உறிஞ்சினாள். "எத்தன வருஷம் ஆனா என்ன, ஒங்க மொகத்த எனக்குத் தெரியாமப் போவுமா?"

"போவாது" என்றார் ராஜையன்.

போனைப் பையில் போட்டார். தைலக் குப்பிகள் இரண்டும் பையிலேயே இருந்தன. டிரைவரிடம் ஆரல்வாய்மொழிக்கு விடச் சொன்னார்.